பில் இல்லாமல் வாங்கிய இன்ஜின்



நம் சங்க ஏட்டில் வரி பற்றியும் வரத்து பற்றியும் விலை நிலவரம் பற்றியும் எழுதுவதுதான் வழக்கம். இந்த முறை நான் ஒரு பழைய காருக்கு இன்ஜின் மாட்டிய கதையை எழுத வந்திருக்கிறேன். விருதுநகரில் பருப்பு மண்டி வைத்திருப்பவனுக்கும் கார் இன்ஜினுக்கும் என்ன சம்பந்தம் என்று நண்பர்கள் கேட்கலாம். தயவுசெய்து கடைசி வரை படியுங்கள். மளிகைக் கடை வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் இதில் சம்பந்தம் உண்டு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பில் என்பதை நாம் வரி ஆபீசுக்காகப் போடுகிற காகிதமாகவே நினைத்துப் பழகிவிட்டோம். அந்த நினைப்பு தவறு. விற்றவருக்கும் வாங்கியவருக்கும் நடுவே நிற்கும் சாட்சி அது. இதை நாற்பது வருடம் மண்டியில் உட்கார்ந்தும் நான் கற்றுக்கொள்ளவில்லை. ஒரு ரீகண்டிஷன் இன்ஜின்தான் எனக்குக் கற்றுக் கொடுத்தது. அதற்கு நான் கட்டிய பள்ளிக்கூடக் கட்டணம் கொஞ்சம் அதிகம்.

அப்பா வாங்கிய கார்

எங்கள் வீட்டில் நிற்பது 1974-ஆம் வருடத்து அம்பாசடர் மார்க் 2. என் தகப்பனார் வாங்கியது. அந்தக் காலத்தில் பணம் இருந்தாலும் கார் உடனே கிடைக்காது. பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கார் வீட்டுக்கு வந்த அன்று தெருவே கூடி நின்றது. எனக்கு அப்போது பள்ளிக்கூட வயது.

இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரின் அச்சில் வங்காளத்து உத்தர்பாராவில் செய்யப்பட்ட வண்டி அம்பாசடர். 1950-களின் கடைசியில் தொடங்கிய உற்பத்தி 2014 மே மாதம்தான் நின்றது. அந்தப் பெயரையே 2017-ல் 80 கோடி ரூபாய்க்கு பிரான்ஸ் நாட்டு பெஜோ கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். எங்கள் வண்டியில் இருப்பது நான்கு சிலிண்டர், 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின். எளிமையான இன்ஜின். கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. கை வேலை தெரிந்தவர் எத்தனை முறை வேண்டுமானாலும் பிரித்துப் பூட்டலாம்.

இந்த வண்டியின் டிக்கியில் உளுந்தும் துவரையும் வத்தலும் சாம்பிள் பைகளாக ஊர் ஊராகப் போயிருக்கின்றன. எங்கள் மண்டியின் பாதி வாடிக்கை இந்த வண்டியில் போய்ப் பிடித்ததுதான்.

அப்பாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. கல்லாவுக்குப் பக்கத்தில் பில் குத்துகிற கம்பி ஒன்று நிற்கும். அரையணா சாமான் வாங்கினாலும் சீட்டைக் கேட்டு வாங்கிக் கம்பியில் குத்திவிடுவார். வருடம் முடிந்ததும் கம்பியோடு கட்டிப் பரணில் போட்டுவிடுவார். காருக்குத் தனிக் கம்பி. நாங்கள் சிரிப்போம். அவர் காலமாகி வெகு நாட்களாகிவிட்டன. கம்பிகள் மட்டும் பரணில் இருந்தன.

காதுகுத்தும் அவசரமும்

2018-ல் வண்டி தளர்ந்துவிட்டது. பின்னால் நீலப் புகை. 300 கிலோமீட்டர் ஓடினால் ஒரு லிட்டர் இன்ஜின் ஆயில் குறைந்துவிடும். மேடு ஏற மறுத்தது. உள்ளூர் மெக்கானிக் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்துவிட்டு, "போர் தேஞ்சு போச்சு அண்ணாச்சி. ரிங் மட்டும் மாத்தி ஆகாது. முழுசா இறக்கணும்" என்றார்.

என் மகன் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றான். நான் கேட்கவில்லை. தை மாதம் பேரனுக்குக் காதுகுத்து. அப்பாவின் காரில்தான் பேரனைக் குலதெய்வம் கோயிலுக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று என் மனதில் ஒரு பிடிவாதம். அப்போது மார்கழி பிறந்துவிட்டது.

எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. சொந்த இன்ஜினை இறக்கிப் பட்டறையில் கொடுத்து ரீகண்டிஷன் செய்வது ஒன்று. அதற்கு ஒரு மாதமாவது ஆகும். இன்னொன்று, தயாராக வைத்திருக்கும் ரீகண்டிஷன் இன்ஜினை வாங்கிக்கொண்டு, நம் பழைய இன்ஜினை அவர்களிடமே மாற்றாகக் கொடுத்துவிடுவது. இரண்டே நாளில் வேலை முடிந்துவிடும். அவசரக்காரன் எதைத் தேர்ந்தெடுப்பான் என்று சொல்ல வேண்டியதில்லை.

வெளியூரில் ஒரு கடையில் விலை கேட்டேன். பில்லோடு என்றால் 62,000 ரூபாய், பில் இல்லாமல் என்றால் 52,000 ரூபாய் என்றார் கடைக்காரர். "நமக்குள்ள பில் எதுக்கு அண்ணாச்சி? நீங்களும் வியாபாரி, நானும் வியாபாரி. வாய்ப்பேச்சு போதாதா?" என்று கேட்டார். எனக்கு அது மரியாதையாகத் தோன்றியது. பத்தாயிரம் மிச்சம் என்பது அதைவிட மரியாதையாகத் தோன்றியது. சரி என்று பணத்தை எண்ணிக் கொடுத்தேன். அப்பா வாங்கிய இன்ஜினை அவர்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதை நான் நின்று பார்க்கக்கூட இல்லை.

வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரத்துக்குள் ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று சொல்லியிருந்தேன். இரவோடு இரவாக இன்ஜினை மாட்டினார்கள். காலையில் ஆயிலை ஊற்றினார்கள், தேங்காய் உடைத்தார்கள், உடனே சாவியைத் திருப்பினார்கள். இன்ஜின் பிடித்துக்கொண்டதும் எல்லோரும் கைதட்டினார்கள். ஒருவர் ஆக்சிலேட்டரை மிதித்து உறுமவிட்டுக் காட்டினார். ஆயில் பம்ப் எண்ணெயை இழுத்து உள்ளே அனுப்பியதா, பேரிங்குகளுக்கு எண்ணெய் போய்ச் சேர்ந்ததா என்று யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியவும் தெரியாது.

காதுகுத்து நல்லபடியாக நடந்தது. மாசி மாதம் மதுரையிலிருந்து திரும்பும்போது, திருமங்கலம் தாண்டியதும் இன்ஜினுக்குள்ளிருந்து சுத்தியல் வைத்துத் தட்டுவதுபோல் ஒரு சத்தம். வண்டியைக் கயிறு கட்டி இழுத்துத்தான் கொண்டு வந்தோம். மாட்டி 400 கிலோமீட்டர்கூட ஓடவில்லை.

பிரித்துப் பார்த்தபோது கனெக்டிங் ராடு பேரிங்குகள் உரிந்து போயிருந்தன. கிராங்கைக் கிரைண்டிங் செய்யாமல் பாலிஷ் மட்டும் போட்டிருந்தார்கள் என்றார் மெக்கானிக். ஆயில் பம்பும் பழசு. போதாக்குறைக்கு, முதல் ஸ்டார்ட்டிலேயே எண்ணெய் ஏறாமல் வறட்டு ஓட்டம் ஓடியிருக்கலாம் என்றார். குற்றம் செய்தவரிடமா, மாட்டியவரிடமா, அவசரப்பட்ட என்னிடமா? உள்ளே என்ன வேலை செய்தார்கள் என்று எழுதிய சீட்டு ஒன்று இருந்தால் தெரிந்திருக்கும்.

"என்ன ஆதாரம்?"

விற்ற கடைக்குப் போனேன். அவர் கோபப்படவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. "இது எங்க கடையில வாங்கினதுன்னு என்ன ஆதாரம் அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வியை நான் அதற்கு முன்பே கேட்டிருக்கிறேன். எங்கே கேட்டேன் என்று வரும் வழியெல்லாம் யோசித்தேன். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது நினைவு வந்தது. அந்த வார்த்தை என்னுடையது.

2009-ஆம் வருடம். பக்கத்துக் கிராமத்தில் பெட்டிக்கடையைவிடச் சற்றுப் பெரிய மளிகைக் கடை வைத்திருந்த ஒருவர், என்னிடம் இரண்டு மூட்டை உளுந்து எடுத்துக்கொண்டு போனார். துண்டுச் சீட்டில் கணக்கு எழுதிக் கொடுத்தேன், பில் போடவில்லை. பத்து நாள் கழித்து மூட்டையைத் திரும்பக் கொண்டு வந்தார். உள்ளே வண்டு. நடுக்கடையில், நாலு பேர் முன்னால், "இது எங்க மண்டிச் சரக்குன்னு என்ன ஆதாரம்?" என்று கேட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் மூட்டையை டிவிஎஸ் வண்டியில் கட்டிக்கொண்டு போனார். அதன் பிறகு என் மண்டிப் படி ஏறவில்லை. ஒரு சில்லறை வாடிக்கை போனதாக நினைத்து நானும் மறந்துவிட்டேன்.

என் சரக்குத்தானா என்ற சந்தேகம் எனக்கு உண்மையில் இருந்ததா? இல்லை. சாக்கைப் பார்த்தாலே என் சாக்கு என்று தெரியும். ஆதாரம் இல்லை என்பது தெரிந்ததால்தான் கேட்டேன்.

என் இன்ஜினைத் தேடிப் போனேன்

தொல்லை அதோடு முடியவில்லை. சொந்தக் கார்களுக்கு முதல் பதிவு 15 வருடம். அதன் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். 1974-ல் பதிவான எங்கள் வண்டிக்கு 2019-ல் புதுப்பிப்பு வந்தது. மோட்டார் வாகன ஆய்வாளர் சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப் பார்ப்பார். பென்சிலால் தேய்த்து அச்சு எடுப்பதும் உண்டு. இன்ஜின் மாறியிருந்தால் அதை ஆர்.சி.யில் பதிய வேண்டும் என்பது சட்டம். விசாரித்தபோது, மாற்றிய இன்ஜினை வாங்கிய பில் எங்கே என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். யாருடைய வண்டியிலிருந்து கழற்றிய இன்ஜின் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியாதே!

ஆக, 52,000 ரூபாய்க்கு நான் வாங்கியது ஓடாத இன்ஜின். பதியவும் முடியாத இன்ஜின். அப்பா வாங்கிய, ஆர்.சி.யில் எண் இருக்கிற நல்ல பிளாக்கை என் கையாலேயே கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அதைத் தேடி இரண்டு வாரம் அலைந்தேன். விற்றவரிடமிருந்து இன்னொருவர், அவரிடமிருந்து இன்னொருவர் என்று கை மாறி, கடைசியில் ஒரு பழைய இரும்புக் கடையின் பின்பக்கம் கிடந்தது. ஹெட் இல்லை, பிஸ்டன் இல்லை, பிளாக்கும் கிராங்கும் மட்டும்தான். அழுக்கைச் சுரண்டி எண்ணைப் பார்த்தேன். ஆர்.சி.யில் இருந்த அதே எண். அடுத்த லோடில் உருக்காலைக்குப் போக வேண்டியது என்றார் கடைக்காரர்.

வாழ்நாள் எல்லாம் தராசு பிடித்தவன் நான். அன்று என் தகப்பனாரின் இன்ஜினை ஒருவர் தராசில் ஏற்றி, கிலோ கணக்கில் எனக்கே விற்றார். நான் விலை பேசவில்லை. "பில் போட்டுக் கொடுங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் என்னை வினோதமாகப் பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்தார்.

பாய் பட்டறை

மதுரையில் பழைய பெட்ரோல் இன்ஜின் வேலையில் கை தேர்ந்த ஒரு பாய் இருக்கிறார். அவரிடம் கொண்டு போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "அண்ணாச்சி, உங்களுக்கு அவசரம் எதுவும் இருக்கா?" இல்லை என்றேன். "அப்போ இறக்கி வையுங்க" என்றார்.

ரீகண்டிஷன் என்றால் என்ன என்பதை அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். நம்மில் பலர் லோடு வண்டியும் வேனும் வைத்திருக்கிறோம் என்பதால் அவர் செய்ததை எழுதுகிறேன்.

முதலில் பிளாக்கைக் கழுவி, நான்கு சிலிண்டரையும் மேல், நடு, கீழ் என்று அளந்தார். ஏற்கெனவே ஒரு முறை 20 தௌ ஓவர் சைஸ் அடித்திருக்கிறது என்றார். வீட்டுக்கு வந்து பரணில் அப்பாவின் கார்க் கம்பியைத் தேடினேன். 1987-ஆம் வருடத்து லேத் பட்டறைச் சீட்டு பழுப்பேறிக் கிடந்தது. "போரிங் 20 தௌ, பிஸ்டன் செட் ஒன்று" என்று எழுதியிருந்தது. பாயிடம் காட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிப் படித்தார். "இப்படி எழுதி வெச்ச ஆளோட வண்டிக்கு வேலை செய்யறதுக்கே சந்தோஷமா இருக்கு" என்றார்.

சிலிண்டர்களை 40 தௌவுக்கு போரிங் செய்து, அதே அளவில் புது பிஸ்டன், ரிங் போட்டார். கிராங்கை அளந்து கிரைண்டிங் செய்து, கிரைண்டிங் செய்த அளவுக்கு ஏற்ற பேரிங் போட்டார். இந்த இரண்டு அளவும் ஒத்துப் போகாவிட்டால் இன்ஜின் நிற்காது. எண்ணெய் போகிற துவாரங்களின் அடைப்பான்களைக் கழற்றி, மண்ணெண்ணெய் விட்டு, கம்ப்ரசர் காற்றால் ஊதினார். போரிங் செய்த இரும்புத் தூள் ஒரு சிட்டிகை உள்ளே இருந்தாலும் புது பேரிங்கைத் தின்றுவிடும் என்றார். ஆயில் பம்ப் புதிது.

முதலில் வாங்கிய இன்ஜினின் ஹெட்டை எடுத்து இதற்குப் பயன்படுத்திக்கொண்டார். இதில் ஒரு விஷயம் தெரிந்துகொண்டேன். அந்தக் காலத்துப் பெட்ரோலில் ஈயம் கலந்திருக்கும். வால்வு உட்காரும் இடம் தேயாமல் அது காப்பாற்றியது. 2000-ஆம் வருடம் பிப்ரவரியோடு நம் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. ஊருக்கு நல்லதுதான். ஆனால் பழைய ஹெட்டில் எக்சாஸ்ட் வால்வு உட்காரும் இடத்தில் கெட்டியான வளையம் பொருத்திக்கொள்வது நல்லது. அதையும் செய்தார்.

ஒவ்வொரு வேலை முடியும்போதும் ஒரு நோட்டில் அளவையும் தேதியையும் எழுதினார். கடைசியில் அதன் நகல் ஒன்றும் பில்லும் என் கையில் கொடுத்தார். நான் கேட்கவில்லை. அவராகவே கொடுத்தார்.

முதல் ஸ்டார்ட்

மாட்டுகிற வேலைக்கு இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். செயின் பிளாக்கில் இன்ஜினைத் தொங்கவிட்டு, அங்குலம் அங்குலமாக இறக்கினார். கிளட்ச் பிளேட்டை முன்பே நடுவில் நிறுத்திப் பூட்டியிருந்ததால், கியர்பாக்ஸ் ஷாஃப்ட் அடித்துத் திணிக்காமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. இன்ஜின் மவுண்டிங் ரப்பர், பெட்ரோல் ஹோஸ், ரேடியேட்டர் ஹோஸ், ஃபேன் பெல்ட் எல்லாம் புதிது. இன்ஜினுக்கும் பாடிக்கும் இடையே உள்ள எர்த் வயரைச் சுரண்டிச் சுத்தம் செய்து மாட்டினார். இந்த ஒரு வயரை மறந்துவிட்டு, செல்ஃப் சுற்றவில்லையே என்று பேட்டரியை மாற்றுகிறவர்கள் உண்டாம்.

என் மனைவி அன்றும் நல்ல நேரம் குறித்துக் கொடுத்திருந்தாள். பாயிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "தாராளமா அந்த நேரத்துல ஸ்டார்ட் பண்ணலாம் அண்ணாச்சி. ஆனா எண்ணெய் மேல ஏறின பிறகுதான். ஏறலேன்னா அடுத்த நல்ல நேரம் பாருங்க" என்றார்.

ஆயிலை ஊற்றி, ஃபில்டரையும் எண்ணெயால் நிரப்பி மாட்டினார். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றினார். ஆயில் பிரஷர் கேஜ் ஒன்றைத் தனியாக இணைத்தார். காயில் வயரை எடுத்துவிட்டு செல்ஃபை மட்டும் அடித்தார். பிளக் இல்லாததால் இன்ஜின் இலகுவாகச் சுற்றும், பேரிங்குக்குப் பாரம் இருக்காது. பத்து விநாடி அடிப்பார், செல்ஃப் சூடாகாமல் இருக்கக் கொஞ்சம் நிறுத்துவார், மறுபடி அடிப்பார். நான்காவது தடவை கேஜ் முள் அசைந்து மேலே ஏறியது. டாப்பட் கவரைக் கழற்றி, மேலே ராக்கர் வரை எண்ணெய் வந்து வழிவதை என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். முந்தைய தடவை இந்த அரை மணி நேர வேலையைத்தான் செய்யாமல் விட்டிருந்தார்கள்.

பிறகு பிளக் மாட்டி, 1-3-4-2 என்ற வரிசையில் வயர்களைச் சரிபார்த்து, டைமிங் பார்த்து, கார்புரேட்டரில் பெட்ரோல் நிரம்பியதும் சாவியை என் கையில் கொடுத்தார். இரண்டாவது சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. யாரும் உறுமவிடவில்லை. ஒரே வேகத்தில், சும்மா நிற்கும்போது ஓடுவதைவிடக் கொஞ்சம் கூடுதலாக, இருபது நிமிடம் ஓடவிட்டார். கண் பிரஷர் கேஜிலும் வெப்பமானியிலும்தான் இருந்தது. ஒரு ஹோஸில் தண்ணீர் கசிந்தது, கிளிப்பை முடுக்கினார். நிறுத்தி, ஆறவிட்டு, ஹெட் நட்டுகளை டார்க் ரிஞ்ச் வைத்து மறுபடி பார்த்தார்.

வீட்டுக்குக் கிளம்பும்போது சொன்னார்: முதல் 1,500 கிலோமீட்டர் 60-க்கு மேல் போக வேண்டாம். டாப் கியரில் திணறவிட வேண்டாம். ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்ட வேண்டாம். 500 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றி, ஹெட் நட்டும் டாப்பட்டும் பார்க்க வேண்டும். புது ரிங்கும் புது போரும் ஒன்றோடொன்று பழகிப் படிய அவகாசம் வேண்டும் என்றார். புது வாடிக்கையாளருக்கு முதல் மாதமே லட்ச ரூபாய் கடன் கொடுக்காமல் பார்த்துப் பார்த்துக் கொடுக்கிற நமக்கு இது புரியாத விஷயம் இல்லை.

ஆர்.சி. புத்தகத்தில் இருந்த எண்ணே பிளாக்கிலும் இருந்ததால் 2019-ல் புதுப்பிப்பு ஆயிற்று. 2024-ல் அடுத்த புதுப்பிப்பும் ஆயிற்று. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2025-ல் நாடு முழுவதும் பங்குகளுக்கு வந்துவிட்டதால், பழைய ரப்பர் ஊறிவிடும் என்று பெட்ரோல் ஹோஸையும் பம்ப் டயாஃப்ரத்தையும் அதற்கு ஏற்றதாகப் பாய் மாற்றிக் கொடுத்தார். அதற்கும் பில் இருக்கிறது. கம்பியில் குத்தியிருக்கிறேன்.

நாம் செய்ய வேண்டியது

இனி விஷயத்துக்கு வருகிறேன். சங்கக் கூட்டங்களில் பில் பேச்சு வந்தாலே, "சில்லறைக் கடைக்கு இது கட்டுப்படியாகாது, வாங்குகிறவரே கேட்பதில்லை" என்று பேசுகிறோம். நானும் பேசியிருக்கிறேன். கஷ்டம் இருப்பது உண்மைதான். காலை ஏழு மணிக்குக் கடை நிறைய ஆள் நிற்கும்போது பத்து ரூபாய் கடுகுக்குப் பில் எழுத முடியாது. சட்டமும் அப்படிக் கேட்கவில்லை. ஜி.எஸ்.டி. விதிப்படி, 200 ரூபாய்க்குக் குறைந்த விற்பனையில், வாங்குகிறவர் பதிவு பெறாதவராக இருந்து அவர் பில் கேட்கவும் இல்லை என்றால், நாள் முடிவில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பில் போட்டால் போதும். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர் வரியைத் தனியாகக் காட்டாத சாதாரண பில் கொடுக்கலாம்.

ஆனால் மூட்டைக் கணக்கில் வாங்குகிற சிறுகடைக்காரருக்குப் பில் போடாமல் அனுப்புவதற்கு நம்மிடம் எந்த நியாயமும் இல்லை. 2019-ஆம் வருடத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. விற்ற பொருளுக்கோ செய்த வேலைக்கோ பில் கொடுக்காமல் இருப்பதையே முறையற்ற வணிகம் என்று அது சொல்கிறது.

சட்டம் இருக்கட்டும். நாம் பில் இல்லாமல் மிச்சம் பிடிக்கிற பணம் மிச்சமே இல்லை என்பதுதான் என் அனுபவம். பத்தாயிரம் மிச்சம் பிடிக்கப் போய் 52,000 ரூபாயை இழந்தேன். அது போக அலைச்சல், இரும்புக்கடைப் பணம், மானம். வாய்ப்பேச்சு நன்றாக இருக்கும்வரை சீட்டு தேவையில்லை. பேச்சு மாறுகிற அன்று சீட்டு ஒன்றுதான் நமக்காகப் பேசும். அது வாங்கியவருக்கு மட்டும் காவல் என்று நினைக்காதீர்கள். நம் சரக்கு இல்லாததை நம் தலையில் கட்ட வருகிறவரிடமிருந்து நம்மையும் அதுதான் காக்கும்.

ஆகவே மூன்று வேண்டுகோள். ஒன்று, மொத்த வியாபாரிகள் மூட்டைச் சரக்குக்கு, யாராக இருந்தாலும், உறவினராகவே இருந்தாலும், சரக்கு வந்த லாட்டும் தேதியும் எழுதிப் பில் கொடுக்க வேண்டும். இரண்டு, சிறுகடை அன்பர்கள் கூச்சப்படாமல் கேட்டு வாங்க வேண்டும். "நம்ம அண்ணாச்சிதானே" என்று விட்டுவிடாதீர்கள். அந்த அண்ணாச்சி எப்படிப்பட்டவர் என்பதை மேலே எழுதியிருக்கிறேன். மூன்று, நாம் வாங்குகிறவர்களாக நிற்கும் இடங்களில், அது லேத் பட்டறையோ மெக்கானிக் ஷெட்டோ, பில்லும் செய்த வேலையின் சீட்டும் கேட்க வேண்டும். பாயைப் போல ஒழுங்காக எழுதிக் கொடுக்கிறவருக்கு இரண்டு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாலும் நஷ்டமில்லை. அடுத்த சங்கக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

முடிக்கும் முன் ஒன்று. அம்பாசடர் ஓட ஆரம்பித்த மறு மாதம், அந்த உளுந்துக் கடைக்காரரைத் தேடிப் போனேன். பத்து வருடம் ஆகியிருந்தது. கடையை இப்போது நன்றாகப் பெருக்கியிருந்தார். சரக்கு வேறு மண்டியில் எடுக்கிறார். இரண்டு மூட்டை உளுந்தின் பணத்தை மேசைமேல் வைத்து, "அது என் மண்டிச் சரக்குத்தான் தம்பி. அன்னைக்கே எனக்குத் தெரியும்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பணத்தை எண்ணினார். கல்லாவில் போட்டார். புத்தகத்தை எடுத்து ரசீது எழுதி, கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார்.

திரும்ப வாடிக்கைக்கு வரச் சொல்லி நான் கேட்கவில்லை. அவரும் வருவதாகச் சொல்லவில்லை. அந்த ரசீதும் கம்பியில் இருக்கிறது.

வணிகர் ஒற்றுமை ஓங்குக.